ஒயரா, ஒயர்லெஸ்ஸா?

அடுத்த தெருவில் பட்டப்பகலில் பீரோவை உடைத்து எட்டுப் பவுன் போனதிலிருந்து என் மனைவிக்குத் தூக்கமில்லை. ''ஏங்க, திருட்டு அலாரம் ஒண்ணு மாட்டிடலாமே!'' பட்ஜெட்? ஐயாயிரம் ரூபாய்!

ஒயர் வைத்த அலாரம் நன்றாக உழைக்கும். கதவுக்குக் கதவு பேட்டரி மாற்றும் தொல்லை கிடையாது. ஆனால், சுவரைக் கொத்தி பைப் புதைக்கும் கூலியே ஐயாயிரத்தை விழுங்கிவிடும். தவிர, ஆணி அடித்தாலே முறைக்கிறார் எங்கள் ஹவுஸ் ஓனர். சொந்த வீடு கட்டுகிறவர்களா நீங்கள்? பூச்சு வேலைக்கு முன்பே ஒயரை இழுத்துவிடுங்கள், அதுதான் சிக்கனம்.

வாடகை வீட்டுக்கு ஒயர்லெஸ்தான் சரி. கதவில் காந்தம், நிலையில் சென்சார். இரண்டும் விலகினால் சைரன் அலறும். ஒட்டுவதற்கு டேப் போதும். வீடு மாறினால் பெயர்த்துக்கொண்டு கிளம்பலாம். வாசல், கொல்லை இரண்டுக்கு மட்டும் வாங்கினேன். கரண்ட் போனாலும் கத்துமா என்று கடையிலேயே ப்ளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொன்னேன். சென்சார் பேட்டரி சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும் என்பதால், மாசம் ஒரு தடவை கதவைத் திறந்து சோதனை!

எல்லாம் சரி, அலறினால் எட்டிப் பார்க்க ஆள் வேண்டாமா? பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னேன்.

''தைரியமா போயிட்டு வாங்கோ! நான் ஒரு சத்தம் போட்டா நாலு தெருவுக்குக் கேக்கும்!''

அதற்கு ஒயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்!