ஒரே கடல், ஒரே தம்பி

பல ஆண்டுகளாக என் மாணவர்கள் எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போனார்கள். ஒரே அலையில் சிக்கிய ஒரே தம்பியைக் காப்பாற்றினார்கள். சீனப் பையனின் தம்பி, மலாய்ப் பெண்ணின் தம்பி, தம்பியே இல்லாதவனின் தம்பி, எல்லாரும் அதே கடலில்தான் விழுந்தார்கள். அந்த மாதிரிக் கட்டுரையை எழுதிக் கொடுத்தவள் நான்.

பினாங்கில், டத்தோ கிராமாட் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். வகுப்பில் ஹொக்கியன், மலாய், தமிழ் மூன்றும் புழங்கும். ஆங்கிலம் என் மேசையைச் சுற்றி மட்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் மலாய் போதாமல் வந்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்த பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. சிலருக்கு நான்காவது. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில், அப்போதைய ஆங்கில முதல் தாளுக்கு 85 மதிப்பெண். அதில் 50 ஒரே ஒரு கட்டுரைக்கு. இலக்கணத்தை அடியிலிருந்து சொல்லிக்கொடுக்க ஏது நேரம்? மனப்பாடம் செய்யச் சொன்னேன். தலைப்பு எதுவானாலும் தம்பியைக் கடலுக்கு அழைத்துப்போகும் வித்தையையும் கற்றுக்கொடுத்தேன். தேர்ச்சி விகிதம் ஏறியது, கூட்டத்தில் பாராட்டினார்கள். பாராட்டை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை.

2018 டிரையல் தேர்வில் ஒரு பையன் மட்டும் கடலுக்குப் போகவில்லை. ஜாலான் பி. ரம்லி பக்கம் வீடு. முந்தைய ஆண்டு நவம்பர் 4 இரவு விடிய விடியப் புயல்மழை அடித்ததே, அந்த வெள்ளத்தை எழுதியிருந்தான். "வாட்டர் கம் இன்சைட். ஃபிரிட்ஜ் ஃப்ளோட்டிங். மை மதர் புட் மை ஸ்கூல் பேக் ஆன் ஹெர் ஹெட்." தாள் முழுக்கச் சிவப்பு மை இழுத்துவிட்டு அவனை அழைத்தேன்.

"ஏன்பா, நான் குடுத்தத எழுதல?"

"இது நெசமா நடந்துச்சு டீச்சர்."

"நெசத்துக்கெல்லாம் மார்க் கெடையாதுப்பா."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எஸ்.பி.எம்.மில் அவனும் தம்பியைக் காப்பாற்றித் தேறிவிட்டான்.

2021 தேர்விலிருந்து எஸ்.பி.எம். ஆங்கிலம் மாறியது. நான்கு தாள், அதில் ஒன்று பேச்சுத் தேர்வு. இருவர் இருவராக உட்கார்ந்து ஆசிரியர் முன் பேச வேண்டும். பயிற்சிக்கு வந்த ஒரு மாணவியிடம், பயம் தெளியட்டும் என்று இருப்பதிலேயே சுலபமான கேள்வியைக் கேட்டேன். சாயங்காலம் என்ன செய்வாய்?

அவள் கண்கள் கூரைக்குப் போயின. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மின்விசிறி சுற்றும் ஓசை கேட்டது. நான் காத்திருந்தேன். பிறகு, "ஆன் எ பிரைட் சன்னி மார்னிங்" என்று தொடங்கினாள். என் வாக்கியம். நான் காற்புள்ளி வைத்த இடத்தில் மூச்சு வாங்கினாள். சாயங்காலமானால் அவள் பாடாங் பிரவுன் பக்கம் அம்மாவின் கடையில் மங்கு கழுவுகிறவள். எனக்கே தெரியும். அதைச் சொல்ல மூன்று வாக்கியம் போதும். அந்த மூன்று வாக்கியத்தை இத்தனை வருடத்தில் அவளிடம் நான் கேட்டதே இல்லை. நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. தம்பி கரை சேரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று அந்த வெள்ளக் கட்டுரையைத் தேடினேன். பழைய தாள்கள் எப்போதோ எடைக்குப் போய்விட்டன. அதற்கு எத்தனை மதிப்பெண் போட்டேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. இங்கே எழுதப்போவதில்லை.

இப்போது முதலில் பேச விடுகிறேன். ஹொக்கியனில் புறப்பட்டு, மலாயில் திரும்பி, எப்படியோ ஆங்கிலத்துக்கு வந்து சேர்கிற கதைகள். சத்தம் தாங்காமல் பக்கத்து வகுப்பு ஆசிரியை கதவைச் சாத்திக்கொள்கிறார். பாடத்திட்டத்தில் எப்போதும் பின்தங்கியே இருக்கிறேன். தேர்ச்சி விகிதமும் சற்று இறங்கியது. கூட்டத்தில் காரணம் கேட்டார்கள். பிள்ளைகள் சொந்தமாக எழுதுகிறார்கள் என்றேன். குறிப்பேட்டில் 'மாணவர் வருகை குறைவு' என்று எழுதிக்கொண்டார்கள்.