முதற்பால் கடைசியில்

கடைச் சூப்பின் குழைவு பெரும்பாலும் சோளமாவின் தயவு. கொழும்பு புதுக்கடையில் நான் பழகிய சூப்பில் சோளமாவும் இல்லை, கிறீமும் இல்லை. தேங்காய்ப் பாலும் ஒரு உருளைக்கிழங்கும் அடங்கிய நெருப்பும் போதும். கற்றுத்தந்தவர் நான் அறை எடுத்திருந்த வீட்டுக்கார ராத்தா.

சட்டக் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம் என்பதால்தான் அங்கே அறை பார்த்தேன். பகலில் வழக்குக்கு வருவோரும் கறுப்புக் கோட்டுக்காரர்களுமாக நெரியும் இடம். பொழுதுபட்டால் அப்துல் ஹமீத் வீதியில் கொத்துரொட்டித் தகடு சத்தம் போடத் தொடங்கிவிடும், இறைச்சி வாட்டும் புகை மேல்மாடி வரை ஏறும். தினமும் அதைச் சாப்பிட வயிற்றுக்கும் ஏலாது, காசும் காணாது. “இரவைக்கு சூப் ஒண்டு போடப் பழகுங்க தங்கச்சி, பாணோட சாப்பிட்டுட்டுப் படிக்கலாம்” என்று ராத்தாதான் அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

பாடம் லீக்ஸில் தொடங்கியது. சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை போட்ட காலத்திலிருந்தே சீமை மரக்கறிகளுக்கு அந்தக் குளிர் பழக்கம். இன்று கொழும்புச் சந்தைக்கு வரும் லீக்ஸும் கரட்டும் பெரும்பாலும் அந்தப் பக்கத்து விளைச்சல்தான். லீக்ஸின் மடிப்புகளுக்குள் தோட்டத்து மண்ணும் கூடவே வரும். நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு மடிப்பாக விரித்துக் கழுவினால்தான் அது போகும். வெட்டிவிட்டுக் கழுவுவதை ராத்தா ஏற்கவே மாட்டார்.

நாலு பேருக்கு அவர் எடுக்கும் அளவு இது: ஒரு பெரிய வெங்காயம், ஒரு லீக்ஸ், இரண்டு கரட், 300 கிராம் பூசணி, 150 கிராம் உருளைக்கிழங்கு, இரண்டு மேசைக்கரண்டி பட்டர். அரைத் தேங்காயைத் திருவி முதற்பால் அரைக் கோப்பை பிழிந்து தனியே வைக்க வேண்டும். அதே பூவில் தண்ணீர் விட்டு இரண்டாம் பால் மூன்று கோப்பை.

பட்டர் உருகியதும் வெங்காயமும் லீக்ஸும் கொஞ்சம் உப்போடு சட்டிக்குள் போகும், மூடியும் விழும். பிறகு வேலை எனக்கில்லை, நெருப்புக்குத்தான். “நெறம் மாறக்கூடா” என்பதுதான் ராத்தாவின் ஒரே சட்டம். உப்பு வெங்காயத்தின் தண்ணீரை வெளியே இழுக்கும், மூடி அந்த ஆவியைச் சட்டிக்குள்ளேயே வைத்திருக்கும். ஈரம் இருக்கும்வரை வெங்காயம் சிவக்காமல் குழையும். ஈரம் வற்றினால் பொரியல் மணம் வந்துவிடும், சூப்பின் நிறமும் மங்கும். மூடியைத் திறக்காமலே இதைக் கண்டுபிடிக்க அவர் காதைப் பழக்கினார். உள்ளே மெல்லிய முணுமுணுப்புக் கேட்டால் சரி, படபடவென்று வெடித்தால் நெருப்புக் கூடிவிட்டது. மூக்குக்கும் பரீட்சை உண்டு: பச்சை வாடை போய் இனிப்பு மணம் எழும்பும்போதுதான் மற்ற மரக்கறிகளைப் போடலாம்.

அதன் பின் இரண்டாம் பாலை ஊற்றி, கிழங்கு அகப்பையில் நசியும்வரை அவிய விடுவார். கிழங்கின் மாப்பொருள் 60, 70 பாகைச் சூட்டில் தண்ணீரை உறிஞ்சி ஊதும், சூப் தடிப்பது அதனால்தான். கிழங்கு விலையேறிய நாட்களில் ராத்தா ஒரு மேசைக்கரண்டி பச்சரிசி போடுவார். நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பழகிய கைக்கு அரிசியின் குணம் தெரியாதா?

அரைப்பதிலும் அடக்கம் வேண்டும். சுடு சூப்பை பிளெண்டரில் பாதிக்கு மேல் விடக்கூடாது. ஆவி மூடியைத் தள்ளிவிடும் என்பதால் மூடியின் நடுத்துளையைத் திறந்து துணியால் பொத்திப் பிடிக்க வேண்டும். மரக்கறி மசிந்ததும் நிறுத்த வேண்டும். மேலும் சுழற்றினால் கிழங்கின் மாப்பொருள் முழுக்க வெளிவந்து சூப் பசைபோல் இழுபடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது ராத்தா அகப்பையால் நசித்து வடியில் தேய்த்தே சூப் எடுத்தாராம். அந்த முறையையும் செய்ய வைத்தார். கை வலிக்கும், ஆனால் கிழங்கு பசையாகாது. எனக்கு இன்றைக்கும் அந்தச் சூப்தான் பிடிக்கும்.

முதற்பாலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் அம்மா சொதி வைக்கும் ஒழுங்கும் இதுவேதான் என்பதால் இந்தப் பாடம் மட்டும் எனக்குப் புதிதில்லை, காரணம்தான் புதிது. தேங்காய்ப் பாலில் கொழுப்பு நுண்துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. அவற்றைச் சேரவிடாமல் பிரித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். 80 பாகையளவில் அந்தப் புரதம் பிடி விடத் தொடங்கும். கொதிக்கக் கொதிக்க எண்ணெய் பிரிந்து மேலே வரும், அடியில் திரி திரியாக நிற்கும். புளிப்பும் அதே வேலையைச் செய்யும். அதனால் அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகுதான் முதற்பால். தேசிக்காய்ப் புளி சட்டிக்குள் விழுவதில்லை, கோப்பையில் ஊற்றிய பின் இரண்டு துளி. மேலே இடித்த மிளகு.

பதம் பார்ப்பது கரண்டியின் முதுகில். சூப்பில் தோய்த்து விரலால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு மூடாமல் நின்றால் பதம், ஒழுகி மூடினால் மெல்லிய நெருப்பில் கொஞ்சம் வற்றவிட வேண்டும். இந்தச் சோதனையைப் பால் ஊற்றுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், பால் விட்ட சூப்பை வற்றவைக்க ஏலாது.

அடுத்த நாளைக்கு வைப்பதும் இந்தக் கணக்குப்படிதான். பால் சேர்ந்த சூப்பைத் திரும்பக் கொதிக்கவைத்தால் திரியும். அதனால் ராத்தா பால் ஊற்றுமுன்பே நாளைய பங்கை வேறு கிண்ணத்தில் எடுத்து, ஆறவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவார். மறுநாள் அதை நன்றாகக் கொதிக்கவைத்து இறக்கி, புதிதாய்ப் பிழிந்த பாலை விட்டால் போதும். பரீட்சைக் காலத்தில் என் இரவுச் சாப்பாட்டில் பாதி அப்படித்தான் முடிந்தது.