வீடே பள்ளி, வீடே கோயில்!

கிறிஸ்துமஸ் என்றதும் நம் தோழியர் பலருக்குப் புத்தாடையும் கேக்கும் நினைவுக்கு வரும். எங்களுக்கோ ஒரு மீன்பாடி வண்டியின் துருப்பிடித்த சக்கர வளையம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சிரிக்காதீர்கள் தோழியரே! அந்த வளையம் இன்றும் நூம்பலில் எங்கள் வீட்டுப் பரண் மேல் இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் அது கீழே இறங்கும். தேய்ப்பதற்கு உப்புத்தாளும் கையுமாக நாங்கள் மூவரும் உட்கார்ந்துவிடுவோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது எங்கள் மூவரில் மூத்தவள் ஆறாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். அடுத்தவள் நான்காம் வகுப்பு, கடைக்குட்டித் தம்பி முதல் வகுப்பு. மறுபடியும் நாங்கள் வகுப்பறையைப் பார்த்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். இடைப்பட்ட காலமெல்லாம் எங்களுக்கு வீடே பள்ளி. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு கைப்பேசி. அதற்கு மூன்று வகுப்புக்காரர்கள் போட்டி. ஆகவே அம்மா ஒரு பழைய கதவில் கரும்பலகைச் சாயம் பூசிச் சுவரில் சாய்த்துவைத்து, தாமே ஆசிரியை ஆகிவிட்டார். தலைமையாசிரியை யார் என்று கேட்கிறீர்களா? எங்கள் ஆயாதான். அப்போது அவருக்கு வயது 71. பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை.

அப்பா அதுவரை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை செய்துவந்தார். ஊரடங்கில் அந்த வேலை போயிற்று. அதே மே மாதத்தில் கோயம்பேடு காய்கறிச் சந்தை மூடப்பட்டுத் திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறக்கப்பட்டது. அப்பா ஒரு மீன்பாடி வண்டியை வாடகைக்கு எடுத்தார். விடியற்காலை மூன்று மணிக்குப் பூந்தமல்லி வழியாகத் திருமழிசைக்குப் போய்த் தக்காளியும் வெங்காயமும் வாங்கிவந்து எங்கள் பக்கத்துத் தெருக்களில் விற்றார். மழை பெய்தால் அந்தச் சந்தை முழுவதும் சேறு. முழங்கால்வரை சேற்றோடு அவர் வந்து நிற்பதைப் பார்க்க எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். உண்மையைச் சொல்வதானால், வகுப்புத் தோழிகள் வீட்டுத் தெருவில் அப்பா கூவி விற்கக் கூடாதே என்றும் நினைத்தோம். செப்டம்பர் கடைசியில் சந்தை கோயம்பேட்டுக்கே திரும்பியது. அப்பாவின் வண்டியும் அங்கே போயிற்று.

நவம்பர் 25 அன்று இரவு நிவர் புயல் கரை கடந்தது. செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டது என்ற செய்தியைக் கேட்டதும் ஆயாவுக்கு 2015 வெள்ளம் நினைவுக்கு வந்துவிட்டது. விடிய விடியச் செபமாலை சொன்னார். நான்கு நாள் கழித்து 29-ஆம் தேதி ஞாயிறு, திருவருகைக் காலம் தொடங்கியது. ஆயாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அதனால் அவ்வாண்டு கோயிலுக்குக்கூடப் போகவேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அப்படியானால் கிறிஸ்துமஸ்?

"கிறிஸ்துமஸ் இன்னா கடையிலயா விக்குது, இல்லேன்னு திரும்பி வர? நம்ம ஊட்லயே பண்ணலாம்" என்றார் ஆயா.

முதல் பாடம் அந்தச் சக்கர வளையம். நான்கு ஞாயிறுக்கு நான்கு மெழுகுவத்தி ஏற்றும் திருவருகை வளையத்தை நாம் கோயிலில் பார்க்கிறோம் அல்லவா? அதை 1839-இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் முதன்முதலில் செய்தவர் யோகான் விக்கெர்ன் என்பவர். ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய போதகர் அவர். "கிறிஸ்துமஸ் எப்போ வரும், எப்போ வரும்" என்று பிள்ளைகள் நச்சரித்தார்களாம். அவர் ஒரு பழைய வண்டிச்சக்கரத்தை எடுத்து, வாரநாட்களுக்குச் சிறிய மெழுகுவத்திகளும் ஞாயிறுகளுக்குப் பெரியவையுமாக வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார். அம்மா இக்கதையைச் சொல்லி முடித்ததும் ஆயா, "அவரு நம்ம சபையா?" என்று கேட்டார். இல்லை, லுத்தரன் என்றார் அம்மா. ஆயா சற்று யோசித்து, "இருக்கட்டும், புள்ளைங்களுக்குத்தானே செஞ்சாரு" என்று அனுமதி கொடுத்தார். வண்டிச்சக்கரம் என்ற சொல் காதில் விழுந்ததுமே தம்பி ஓடிப்போய், அப்பா கழற்றிப் போட்டிருந்த பழைய வளையத்தைக் கொண்டுவந்துவிட்டான். ஊதா மெழுகுவத்தி கிடைக்கவில்லை. வெள்ளை மெழுகுவத்திகளின் அடியில் மூன்றுக்கு ஊதாத் துணியும் ஒன்றுக்கு ரோசாத் துணியும் கட்டினோம்.

குடிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் அப்பா கோபித்துக்கொள்வார். மற்ற ஆண்டுகளில் பாரிமுனைக்குப் போய் அட்டைக் குடில் வாங்கி வருவதுதான் வழக்கம். அவ்வாண்டு தக்காளிப் பெட்டிச் சட்டங்களைப் பிரித்து, ஆணியடித்து, சாக்கை மலையாக விரித்து அவரே செய்தார். 1223-இல் இத்தாலி நாட்டுக் கிரேச்சியோ என்னும் ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் முதற்குடில் அமைத்தபோது, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தினாராம். தம்பி பால்காரர் மாட்டைக் கேட்டுவருவதாகக் கிளம்பினான். மாடு வரவில்லை, நல்லவேளையாக ஒரு கட்டு வைக்கோல் வந்தது. புல்வெளிக்குக் கேழ்வரகை இரவில் ஊறவைத்துத் தட்டுகளில் தூவினோம். ஒரு தட்டை வெயிலிலும் மற்றொன்றைக் கூடையால் மூடியும் வைக்கச் சொன்னார் அம்மா. ஒரு வாரத்தில் ஒன்று பச்சை, மற்றது வெளிறிய மஞ்சள். ஒளிச்சேர்க்கைப் பாடம் எங்களுக்கு அன்றோடு முடிந்தது, இன்றுவரை மறக்கவில்லை.

அதே டிசம்பர் 8 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் புனித சூசையப்பர் ஆண்டை அறிவித்தார். சூசையப்பரைத் திருச்சபையின் பாதுகாவலர் என்று 1870-இல் அறிவித்து 150 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டியது அது. அன்று அம்மாவின் தமிழ்ப் பாடம் தேம்பாவணி. வீரமாமுனிவர் 1726-இல் முடித்த அக்காவியத்தில் 3,615 பாடல்கள். பாட்டுடைத் தலைவன் சூசையப்பர்; அவருக்கு முனிவர் சூட்டிய தமிழ்ப் பெயர் வளன். பெரிய வீரர்களையெல்லாம் விட்டுவிட்டு ஒரு தச்சரைக் காவியத் தலைவனாக வைத்திருக்கிறார் என்று அம்மா சொன்னபோது, வாசலில் அப்பா பெட்டிச் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தோழிகள் தெருவில் கூவக் கூடாது என்ற நினைப்பு அதன்பின் எங்களுக்கு வரவில்லை என்று எழுத ஆசைதான். கொஞ்சம் குறைந்தது என்று எழுதுவதே உண்மை.

இனி வைக்கோல் கதை. தீவனத்தொட்டி வெறுமையாக இருக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் மாலைச் செபம் முடிந்ததும், அன்று செய்த நற்செயலைச் சொல்லி ஒரு வைக்கோல் வைக்கவேண்டும் என்பது ஆயாவின் சட்டம். பாலன் மெத்தையில் படுப்பதும் வெறும் பலகையில் படுப்பதும் நம் கையில் இருக்கிறது. முதல் வாரம் நற்செயல்கள் குவிந்தன. இரண்டாம் வாரம் சரக்குத் தீர்ந்துவிட்டது. நாளை செய்யப்போவதைச் சொல்லி இன்றே வைக்கலாமா என்று தம்பி கேட்டுப் பார்த்தான். "கடனுக்கு வைக்கோல் கெடையாது" என்று ஆயா சொல்லிவிட்டார்.

டிசம்பர் 20 முதல் பலகார வேலை. கல்கல் மாவை உருட்டி முள்கரண்டியின் முதுகில் வைத்து இழைத்துச் சுருட்டுவது எங்கள் பொறுப்பு. அச்சு முறுக்கு ஆயாவின் தனி உரிமை. எண்ணெயில் காய்ந்த அச்சை மாவில் முக்கால் பங்குதான் அமிழ்த்தவேண்டும். முழுகினால் முறுக்கு அச்சைவிட்டுக் கழலாது. இதை எத்தனை முறை சொன்னாலும் நாங்கள் முழுக்கிவிடுவோம். அவ்வாண்டு கையில் பணம் குறைவு. மைதா இரண்டே கிலோ. ஆனால் நவம்பர் 14 அன்று தீபாவளிக்கு எங்களுக்குத் தட்டு வந்தது பதினோரு வீடுகளிலிருந்து. ஒரு வீட்டுக்குக் கல்கல் 15, அச்சு முறுக்கு 3 என்றால் பதினோரு வீட்டுக்கு எத்தனை என்று அம்மா கணக்குப் போடவைத்தார். 165, 33. மிச்சம்தான் வீட்டுக்கு. நோய்க்காலம் என்பதால் தட்டுக்குப் பதிலாகக் காகிதப் பொட்டலங்கள்.

24-ஆம் தேதி மாலை பொட்டலங்களை எடுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் புறப்பட்டோம். பத்து வீடு முடிந்தது. பதினோராவது தெருக்கோடி வீடு. அங்கே அந்த வாரம்தான் மாமாவுக்குக் கொரோனா என்று மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். வீட்டில் அத்தையும் கைக்குழந்தையும் மட்டும். கேட்டு சாத்தியிருந்தது. தெருவே அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கேட்டுவரை போனோம்; பயம் வந்துவிட்டது. திரும்பிவந்து, மாடிப்படியின் அடியில் உட்கார்ந்து, அந்தப் பொட்டலத்தைப் பிரித்து மூவரும் தின்றுவிட்டோம். ஆளுக்கு ஐந்து கல்கல், ஒரு முறுக்கு. கணக்கு சரியாக வந்தது. பிறகு உள்ளே போய், "எல்லா வீட்டுக்கும் பலகாரம் கொடுத்தோம்" என்று சொல்லி ஒரு வைக்கோலும் வைத்தோம்.

இரவு பதினொன்றரை மணி. தொலைக்காட்சியில் மாதா அலைவரிசையில் நள்ளிரவுத் திருப்பலி தொடங்க இருந்தது. ஆயா கோயிலுக்குப் போவது போலவே பட்டுப் புடவை கட்டி, முக்காடு போட்டு, மடியில் பாலன் இயேசு சுரூபத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன நினைத்தாரோ, "கோடி வீட்டுப் புள்ளைக்குப் பலகாரத்தப் பாத்து சந்தோசமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

ஒருவரும் பேசவில்லை. தம்பிதான் அழ ஆரம்பித்தான். அழுகையோடு, "அஞ்சு அஞ்சு கல்கல் ஆயா" என்றும் சொல்லிவிட்டான்.

அடி விழும் என்று எதிர்பார்த்தோம். ஆயா திட்டக்கூட இல்லை. தொட்டியைக் காட்டி, "அந்த வைக்கோல எடுங்க" என்றார். எது அந்த வைக்கோல் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் ஒன்றுபோல்தானே இருக்கின்றன! கை நடுங்க ஏதோ ஒன்றை எடுத்தோம். ஆயா சுரூபத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். "அவங்க தட்டு தீவாளிக்கு நம்ம ஊட்டுக்கு வந்துச்சு. மொதல்ல அங்க. அப்பறம் பூசை."

வீட்டுக்கு என்று வைத்திருந்த டப்பாவை அப்படியே அம்மா ஒரு துணிப்பையில் போட்டார். அப்பா கைவிளக்கோடு முன்னே நடக்க, நாங்கள் எல்லாரும் முகக்கவசத்தோடு பின்னே போனோம். ஆயாவை வரவேண்டாம் என்றால் கேட்கவில்லை. கேட்டுக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டார். அப்பா பையைக் கேட்டில் மாட்டி, "அத்தை! கிறிஸ்துமஸ் பலகாரம் அத்தை!" என்று எங்களைக் கூப்பிடச் சொன்னார். வெகுநேரம் கழித்து விளக்கு எரிந்தது. அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டு சன்னலுக்கு வந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார், உடனே அழுதார். மாமாவுக்கு அன்று காலைதான் காய்ச்சல் விட்டதாம். அதைச் சொல்ல அன்று முழுவதும் அவருக்கு ஆள் கிடைக்கவில்லை.

வீடு திரும்பியபோது வானவர் கீதம் முடிந்திருந்தது. ஆயாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். விசுவாசப் பிரமாணத்தில் கிறிஸ்து மனிதரானார் என்னும் இடம் வந்ததும், கோயிலில் செய்வது போலவே தரையில் முழந்தாளிட்டார். எழுந்திருக்க அப்பா கைகொடுக்கவேண்டியிருந்தது. பிறகு பாலனைத் தொட்டியில் கிடத்தும் பேற்றை எங்களுக்கே கொடுத்தார். மூவரும் ஒரே நேரத்தில் பிடித்ததில் சுரூபம் விழப்பார்த்தது. காலையில் டப்பாவில் பலகாரம் இல்லை. தோசைதான். புத்தாடையும் இல்லை. அந்த நாளை மகிழ்ச்சியாகக் கழித்தோம் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ!

திருக்காட்சிப் பெருவிழா முடிந்ததும் குடிலைப் பிரித்துக் கேழ்வரகுப் புல்லைப் பால்காரர் மாட்டுக்குக் கொடுத்தோம். 2021 மே மாதத்தில் எங்கள் முறை வந்தது. ஆயாவும் அப்பாவும் மருத்துவமனையில் இருந்த பன்னிரண்டு நாளும் எங்கள் கேட்டில் ஒரு துணிப்பை தொங்கியது. அது எங்கள் பைதான், டிசம்பரில் போனது.

இப்போது அப்பா மறுபடியும் பட்டறை வேலையில் இருக்கிறார். பாரிமுனைக் குடிலை வாங்கப் பணம் உண்டு. ஆனாலும் தக்காளிப் பெட்டிக் குடில்தான் வைக்கிறோம். 2025 கிறிஸ்துமஸுக்கு ஆயா அச்சு பிடிக்கவில்லை, கை நடுங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்து, "முழுக்காதே, முழுக்காதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் நான்கு முறுக்கை முழுக்கினோம். கோடி வீட்டு அத்தையும் மாமாவும் திருவள்ளூருக்குக் குடிபோய்விட்டார்கள். அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம். எங்களுக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை. அந்த வீட்டுக்குத்தான் முதல் தட்டு போகிறது. பொட்டலம் இல்லை, பை இல்லை, எவர்சில்வர் தட்டு. கதவைத் தட்டி, அவர்கள் வந்து வாங்கிக்கொள்ளும் வரை நிற்கிறோம். தட்டைக் கழுவி, அதில் ஒரு பிடி சர்க்கரை போட்டுத் திருப்பித் தந்தார்கள்.