பெரியவர்கள் இல்லாத காடு

பச்சோந்தி மாதிரி நட. முன்னால் ஒரு கண், பின்னால் ஒரு கண் வைத்துக்கொள் என்று மடகாஸ்கரில் ஒரு பழமொழி உண்டு. முன்னோரைத் தலையில் வைத்துக் கொண்டாடும் ஊர். ‘பின்னால்’ என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஆனால் அதே தீவின் தென்மேற்கில், வறண்ட காட்டில் இருக்கும் லபோர்ட் பச்சோந்திக்கு இந்தப் புத்திமதியால் பிரயோசனமில்லை. அது பின்னால் திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

நவம்பரில் முதல் மழை விழுந்ததும் குஞ்சுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிளம்புகின்றன. இரண்டு மாதத்துக்குள் வயதுக்கு வந்துவிடுகின்றன. ஜனவரியில் ஆண்கள் நீண்ட மூக்கோடு மோதிக்கொள்கின்றன. பிப்ரவரி வாக்கில் பெண் மரத்தைவிட்டு இறங்கி, குழி தோண்டி, முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடுகிறது. கொஞ்ச நாளில் இரண்டும் காலி. வெளியே வாழ்வது 4, 5 மாதம். முட்டைக்குள் கிடப்பது 8, 9 மாதம். ஆராய்ச்சியாளர் கார்ஸ்டனின் குழுவினர் 2008-ல் இதை எழுதியபோது, நாலுகால் பிராணிகளில் இப்படியொரு வாழ்க்கையை யாரும் கேள்விப்பட்டதில்லை. (அதே தீவின் கிரிண்டி காட்டில் சில பெண் பச்சோந்திகள் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிப்பது பிற்பாடு தெரிந்தது.)

எனக்கு இதில் பொறாமைதான். எங்கள் வீட்டில் தோசையைத் திருப்புவதற்கே நாலு பேர் யோசனை சொல்வார்கள். இந்தக் குஞ்சுக்கு அம்மா இல்லை, பெரியப்பா இல்லை, “அந்தக் காலத்தில் நாங்களெல்லாம்” என்று ஆரம்பிக்க ஒரு கிழம்கூட இல்லை. நாக்கை எவ்வளவு தூரம் வீசவேண்டும், எந்தக் கிளை தாங்கும், எல்லாம் அதுவாகவே தெரிந்துகொள்கிறது. தெரியாதது செத்துப்போகிறது, அதையும் சொல்லவேண்டும்.

இந்தப் பச்சோந்தியைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்குத்தான் திண்டாட்டம். ஆகஸ்டில் நோட்டும் கையுமாகக் கணக்கெடுக்கப் போனால் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் எழுத வேண்டிவரும். மழைக்காலத்தில் பாதைகள் கெட்டுவிடும் என்பதால் சுற்றுலாக்காரர்களும் வறண்ட மாதங்களில்தான் வருகிறார்கள். பாவோபாப் மரத்தடியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், காலுக்குக் கீழே அடுத்த தலைமுறை இருப்பது தெரியாமல்.

மக்காச்சோளம் போடக் காட்டை வெட்டி எரிப்பதும் மழைக்கு முந்தைய அந்த மாதங்களில்தான். கரிக்கும் மரம் போகிறது. நெருப்புக்குத் தப்பி, நவம்பரில் ஒரு குஞ்சு மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தால்கூட, அதற்கு ஏற வேண்டியது மக்காச்சோளத் தட்டை.