உடையவன் பாராத பயிர்

“உடையவன் பாராத பயிர் உருப்படாது” என்பது நம் முன்னோர் வாக்கு. வயலில் விளையும் பயிருக்கு மட்டுமன்று, கணினியில் நாம் சேர்த்து வைப்பவற்றுக்கும் இது பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டு கண்ணாரக் கண்டேன்.

நம் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களுக்கு மழைக் கணக்கு உயிர் போன்றது. பங்குனி, சித்திரையில் பூ மழை பெய்து ஒன்பது பத்து நாள்களில் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்துக் குலுங்கும். அம்மழை என்று, எவ்வளவு பெய்தது என்பது விளைச்சலைக் கணிக்க மிகவும் உதவும். என் தந்தை கணக்கெழுதும் தோட்டத்தில் 1987 முதல் நாள்தோறும் மழை அளவு குறித்த பேரேடுகள் இருந்தன. கரையான் அவற்றை அரிக்கத் தொடங்கவே, மேலாளர் ஐயா மாலை வேளைகளில் அமர்ந்து அனைத்தையும் கணினியில் ஏற்றினார். அக்கோப்பு கூகுள் டிரைவில், அவருடைய அலுவலகக் கணக்கில் இருந்தது. இரவுதோறும் அதன் நகல் வேறோர் இடத்தில் தானாகச் சேமிக்கப்படும். முப்பது நாள்களுக்கு முந்திய நகல்கள் அழிந்துவிடும்.

ஐயா ஓய்வு பெற்றார். மாலையிட்டு வழியனுப்பினார்கள். மறுவாரம், செலவைக் குறைக்க அவருடைய கணக்கையும் நீக்கினார்கள். அன்றிரவு முதல் ‘உரிமையாளர் இல்லை’ என்ற பிழைச் செய்தியுடன் நகலெடுப்பது நின்றது. அச்செய்திகளோ ஐயாவின் மூடிய அஞ்சற்பெட்டிக்கே போயின! பதினாறாம் நாள், மாதக் கணக்கை முடிக்க முனைந்த என் தந்தைக்குக் கோப்பே அகப்படவில்லை.

சேலத்தில் கணினித் துறையில் பணிபுரியும் என் பெரியம்மா மகளைத் தொலைபேசியில் அழைத்தோம். அக்கா கேட்ட முதல் கேள்வி, “சித்தப்பா, அந்தக் கோப்பு யார் பெயரில் இருந்தது?” என்பதுதான்.

நகலெடுக்கும் மென்பொருள், உரிமையாளரின் பெயரைக் கொண்டே கோப்பைத் தேடிச் செல்கிறது. பெயர் நீங்கிவிட்டால், முகவரி கிடைக்காத தபால்காரரைப் போல் திரும்பிவிடுகிறது. கூகுள் நிறுவனக் கணக்குகளில் நீக்கப்பட்டவரை 20 நாள்களுக்குள் மீட்கலாம். எங்களுக்கு எஞ்சியவை நான்கே நாள்கள்!

தோட்ட உரிமையாளரின் அனுமதியுடன் அக்கா முதலில் ஐயாவின் கணக்கை மீட்டார். அடுத்து, கோப்புகளை ‘ஷேர்டு டிரைவ்’ என்னும் பொது இடத்துக்கு மாற்றினார். அங்கே கோப்பு தனி மனிதருக்கன்று, நிறுவனத்துக்கே சொந்தம். பின்னர் நகலெடுக்கும் பட்டியலில் புதிய இடத்தைச் சேர்த்து, பிழைச் செய்திகள் இருவருக்குப் போகுமாறு செய்தார். ‘வெற்றி’ என்று திரையில் வந்த பிறகும் அவர் நம்பவில்லை. நகலிலிருந்து 1987ஆம் ஆண்டுப் பக்கத்தை மீட்டெடுத்துத் திறந்து பார்த்த பின்னரே, “இனிப் பயமில்லை, சித்தப்பா” என்றார்.

செய்தி அறிந்த மேலாளர் ஐயா, “என் பெயர் போனால் போகட்டும், மழை போகாமல் இருந்ததே” என்றாராம்.

உடையவர் மறைந்தபின் பேணுவாரின்றிப் போன ஏட்டுச் சுவடிகள் எத்தனையோ! அவற்றைத் தேடி உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தார். கணினிக் கோப்புகளுக்கும் அந்நிலை வரலாம். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கூகுள் கணக்குகளை நீக்கும் விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நமக்குப்பின் யார் பொறுப்பு என்று முன்கூட்டியே குறித்து வைக்கவும் கூகுளில் வசதி உண்டு.

அன்புத் தோழியரே! நம் வகுப்பின் நிழற்படங்களும் நாடகப் பதிவுகளும் யார் கணக்கில் இருக்கின்றன? அவள் பள்ளியை விட்டுச் சென்றபின் அவற்றைப் பார்ப்பவர் யார்? விடைபெறும் நாளில் கையெழுத்துப் புத்தகத்தை நீட்டுமுன், இக்கேள்வியைக் கேட்டுவிடுவோம்.

— பதினோராம் வகுப்பு மாணவி