எஃப்1 அமுக்கினால் போய்விடும் எரர்

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த ஜெராக்ஸ் கடைக்குக் கதவு கிடையாது, ஷட்டர்தான். காலையில் தூக்கினால் இரவில்தான் இறங்கும். பெங்களூரு பக்கம் போகிற லாரிகள் கிளப்பும் புழுதி அதுவரை தாராளமாக உள்ளே வரும். வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி இருப்பதால் தீசிஸ் பிரின்ட், பைண்டிங் என்று கூட்டத்துக்குக் குறைவில்லை. கடையின் டெஸ்க்டாப் மட்டும் நடுநடுவே தானாக அணைந்துவிடுகிறதாம். சர்வீஸ் பார்க்கும் தம்பியோடு நானும் போய் நின்றேன்.

"எஸ்எம்பிஎஸ் போயிடுச்சுன்னு சொன்னாங்க. புதுசு மாத்தியாச்சு. அப்பவும் ஆஃப் ஆவுது தம்பி" என்றார் கடைக்காரர்.

"ஆன் பண்ணும்போது ஏதாவது எரர் வருதாண்ணே?"

"வரும். எஃப்1 அமுக்குனா போயிடும்."

போட்டுக் காட்டினார். கறுப்புத் திரையில் 'சிபியு ஃபேன் எரர்'. பல நாளாக அதைத் தாண்டித்தான் விண்டோஸுக்குள் போய்க்கொண்டிருக்கிறார்.

அந்த எரர் சும்மா வருவதில்லை. ஃபேனிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஒயர்களில் ஒன்று, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்பு அனுப்பும். அதை எண்ணித்தான் போர்டு வேகத்தைக் கணக்கிடுகிறது. துடிப்பு குறைந்தாலோ நின்றாலோ எரர் காட்டும். நன்றாக ஓடும் ஃபேனை சிபியு ஃபேன் பின்னில் செருகாமல் பக்கத்துப் பின்னில் செருகிவிட்டாலும் இதே எரர்தான். அதனால் தம்பி முதலில் பார்த்தது பின்னைத்தான். அது சரியாக இருந்தது.

பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்தார். ஃபேன் ஒரு உதறு உதறியது, பாதி சுற்றியது, நின்றது. பயாஸில் புராசஸர் வெப்பம் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. 90 டிகிரியைத் தொட்டதும் அணைத்துவிட்டார். அணையாமல் விட்டிருந்தாலும் அதுவே அணைந்திருக்கும். இன்றைய புராசஸர்கள் சூடு மிஞ்சினால் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும். எல்லாக் காலத்திலும் இப்படி இல்லை. 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் ஓடும் கணினிகளில் ஹீட்சிங்கைக் கழற்றி வீடியோ எடுத்தது. பென்டியம் 4 மெதுவாகிப் பிழைத்தது, ஏஎம்டி அத்லான் புகைந்து போனது.

பிளக்கை உருவிவிட்டு ஹீட்சிங்கைத் தொட்டார். ஃபேனுக்கு அடியில் அலுமினிய இதழ்களே தெரியவில்லை; புழுதியும் பேப்பர் தூளும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தன. என்னைக் கேட்டால் ஃபேனைவிட இதுதான் பெரிய குற்றவாளி. இந்த அடைப்போடு புது ஃபேன் போட்டாலும் காற்று எங்கே போகும்?

ஹீட்சிங்கின் நான்கு கால்களையும் அம்புக்குறிப் பக்கம் திருப்பிக் கழற்றி, வாசலுக்குக் கொண்டுபோய் ப்ளோயர் அடித்தார். கேபினெட் ஃபேனுக்கு அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டார். காற்றின் வேகத்தில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெடும், மோட்டாரே டைனமோவாகி போர்டுக்குள் மின்சாரம் அனுப்பவும் கூடும்.

"ஆயில் விட்டா ஓடாதா தம்பி?"

"ஓடும்ணே. கொஞ்ச நாளைக்கு. தீசிஸ் சீசன்ல நின்னுடும்."

சரியான பதில். தேய்ந்த பேரிங்குக்கு எண்ணெய் தற்காலிக வைத்தியம்தான்; அதில் புழுதியும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ரிச்சி தெருவில் வாங்கி வைத்திருந்த கூலர் ஒன்று பையில் இருந்தது. கடைக்காரருடையது பழைய ஹெச்61 போர்டு. அந்த 1155 சாக்கெட்டுக்கும், 1150, 1151, 1200-க்கும் கூலர் மாட்டும் துளைகளின் இடைவெளி ஒன்றே என்பதால் சிக்கலில்லை. புராசஸர் மேல் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்த பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, அரிசியளவு புதிது வைத்தார். கால்களை எதிரெதிர் மூலையாக அமுக்கினார். நான்கு முறை 'டக்'. ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

எஃப்1 கேட்காமலேயே விண்டோஸ் வந்தது. படங்கள் நிறைந்த தீசிஸ் ஒன்றை பிடிஎஃப் ஆக்கச் சொன்னார் தம்பி. வெப்பம் 60-ஐ ஒட்டியே நின்றது. கடைக்குள் இருந்த வெக்கைக்கு அது நல்ல கணக்கு. எந்த ஃபேனும் அறைக்காற்றைவிடக் கீழே குளிர்விக்காது. கேபினெட்டைத் தரையிலிருந்து எடுத்து ஸ்டூல் மேல் வைக்கச் சொன்னார்.

"அப்போ அந்த எஸ்எம்பிஎஸ் மாத்துனது?"

"பழசை வச்சிருக்கீங்களாண்ணே? செக் பண்ணித் தரேன்."

"காயலான் கடைக்குப் போட்டுட்டேனே!"