வடகடலோரம் ஒரு பரிசுப் பயணம்

உழைப்பாளிக்குக் கூலி கொடுத்தல் எவ்வளவு பழைமையானதோ, கூலிக்கு மேலாக ஒன்றை ஈந்து அவனை மகிழ்வித்தலும் ஏறக்குறைய அவ்வளவு பழைமையானதே. அரசர் பொற்கிழி அளித்தனர். நிலமுடையோர் தைத்திருநாளில் வேட்டியும் சால்வையும் அளித்தனர். இக்காலத்து வர்த்தக நிறுவனங்களோ பயணத்தையே பரிசாக அளிக்கின்றன. 1906 ஆம் ஆண்டில், காசுப் பதிவு இயந்திரங்களை விற்றுவந்த நாஷனல் காஷ் ரெஜிஸ்டர் என்னும் அமெரிக்கக் கம்பனி, தன் விற்பனையாளருள் சிறந்தோரை ஒகையோ மாநிலத்து டேற்றன் நகரிலுள்ள தலைமையகத்துக்கு அழைத்துச் சிறப்பித்ததே இவ்வழக்கத்தின் தொடக்கம் என்பர். அன்று தலைமையகத்தைக் காண்பதே பெரும் பேறாக இருந்தது. இன்று எவரும் தம் தலைமையகத்தை மீண்டும் பார்க்க விரும்பார். கடலையும் மலையையுமே விரும்புவர்.

இத்தகைய பயணமொன்றுக்கு வல்வெட்டித்துறை தெரிவு செய்யப்படும் என்று நாம் எண்ணியதில்லை. கொழும்பிலுள்ள தனியார் நிறுவனமொன்றில் பொறுப்பான பதவி வகிக்கும் எம் பழைய மாணவர் ஒருவர், “சேர், எங்கட ஆக்கள் நாற்பது பேர் வடக்குக் கடற்கரை பார்க்க வேணும் எண்டு நிக்கினம். மூன்று நாளைக்கு ஒரு திட்டம் எழுதித் தாருங்கோ” என்று கேட்டார். நாற்பதின்மருள் பாதிக்கு மேற்பட்டோர் சிங்களச் சகோதரர். அவர்களுட் பலர் யாழ்ப்பாணத்தைக் கண்ணாற் கண்டதில்லை. எம்முடன் கற்பிக்கும் நண்பர் இருவரையும் சேர்த்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை வடமராட்சிக்குப் புறப்பட்டோம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். தோட்டங்களையும் பனங்கூடல்களையும் கடந்து தொண்டைமானாற்றுப் பாலத்தை அடைந்ததும் காற்றின் குணமே மாறிவிடுகிறது. உப்பு நாவில் படுகிறது. அங்கிருந்து கரையோர வீதி கிழக்கே பருத்தித்துறையை நோக்கிச் செல்லும். ஒரு பக்கம் வீடுகள், மறு பக்கம் கடல். வல்வெட்டித்துறை, அவ்வூரார் வாயில் வல்வை, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஊர்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பெந்தோட்டையையோ நிலாவெளியையோ மனத்திற் கொண்டு வருவோர் இங்கே ஏமாறுவர். கால் புதையும் அகன்ற மணற்பரப்பு இவ்வூரிற் பெரிதாக இல்லை. பெரும்பாலும் கற்பாரும், அதன்மேல் வழுக்கும் பாசியும், கரையேற்றிய வள்ளங்களும், உலரும் வலைகளுமே காணப்படும். அவ்வலைகள் படம் பிடிப்பதற்காக விரிக்கப்பட்டவை அல்ல. ஒரு குடும்பத்தின் முதல் முழுவதும் அங்கே வெயிலிற் கிடக்கிறது. அதை மிதித்துக்கொண்டு நிற்றல் தகாது என்பதைப் பயணத் திட்டத்தின் முதல் வரியாகவே எழுதினோம்.

அழகு வேறு வகையில் இருக்கிறது. ரேவடிக் கரையில் நின்று வடக்கே நோக்கினால் பாக்கு நீரிணை கண்ணுக்கெட்டிய தூரம் நீலமாய் விரிந்து கிடக்கும். அக்கரையில் கோடிக்கரை. நம் முன்னோர்க்கு இக்கடல் எல்லையாக இருக்கவில்லை, ஒழுங்கையாகவே இருந்தது. காலையிற் பாய் விரித்தால் நல்ல காற்றில் அடுத்த பொழுதுக்குள் அக்கரை சேரலாம் என்று முதியோர் சொல்வர். பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும், தமிழகக் கரையிலிருந்து ஓடும் துணியும் வல்வைக் கப்பல்களில் வந்திறங்கின. இங்கிருந்து புகையிலை சென்றது. கப்பலைக் கட்டுவித்தவர் ஊரார். கட்டியவர் ஊர் மேத்திரிமார். செலுத்தியவர் ஊர்த் தண்டயல்மார். 1948க்குப் பின் இரு நாடுகளுக்குமிடையே கடவுச்சீட்டும் சுங்கமும் இறுகின. இயந்திரக் கப்பல்களும் மிகுந்தன. பாய்க்கப்பல் வாணிகம் மெல்ல ஒடுங்கிற்று.

அவ்வாணிகத்தின் புகழ்க் கொடியாக விளங்குவது அன்னபூரணி. வேப்ப மரத்தால் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட இரு பாய்மரக் கப்பல் அது. சிறு பாய்ப்படகொன்றில் உலகைச் சுற்றிவந்து பெயர் பெற்றிருந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் 1930களில் அதனை விலைக்கு வாங்கி, புளோரன்ஸ் சீ. றொபின்சன் என்று தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். பெயர் மாறியதே தவிர, அதனைச் செலுத்திச் செல்ல வல்வை மாலுமிகளே வேண்டியிருந்தனர். தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவர்தம் தோழர்களும் செங்கடல், சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் ஆகியவற்றைக் கடந்து, அத்திலாந்திக்கின் குறுக்கே பேர்மூடாவைத் தொட்டு, 1938 ஓகஸ்டில் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர். வேப்பம் பலகைகளை இணைத்துச் செய்த ஊர்க்கப்பல் ஒன்று அத்திலாந்திக்கைத் தாண்டியது! கொழும்பிலிருந்து வரும் விற்பனையாளர்க்கு ஊக்கம் ஊட்டவெனப் பேச்சாளர் ஒருவரைப் பணம் கொடுத்து அழைத்துவர நிறுவனம் நினைத்திருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் இக்கதையை ஊர் முதியவர் ஒருவர் கடற்கரையில் இருந்து சொல்லட்டும் என்றோம். அப்பணத்தை அவர் வாங்க மாட்டார் என்பதும் எமக்குத் தெரியும். ஊர் நூலகத்துக்கு நூல்களாகக் கொடுக்கலாம்.

கடலோடு மல்லுக்கட்டும் குணம் கப்பலோடு நின்றுவிடவில்லை. 1954 இல் மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையில் நீரில் இறங்கி, 27 மணி நேரம் நீந்திக் கோடிக்கரையிற் கரையேறினார். அவருக்குப் பின் வந்தவர் இவ்வூர் ஆழிக்குமரன் ஆனந்தன். பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் கடந்தவர். கின்னஸ் நூலிற் பல சாதனைகளைப் பதித்த அவர், 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முனைந்தபோது உயிர் துறந்தார். அவர் பெயரால் ஊரில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. மாணவர்கள் இவ்விருவரைப் பற்றியும் பாடப் புத்தகத்துக்கு வெளியே தேடிப் படித்தல் நன்று.

இனி, காலம். பயணத்தின் வெற்றியிற் பாதி அதிலேதான் தங்கியிருக்கிறது. வாடைக் காற்று வீசும் கார்த்திகை மார்கழியில் வடகடல் சீறும், மழையும் சேரும். தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் நடைபெறும் பட்டத் திருவிழா இப்போது நாடெங்கும் புகழ் பெற்றுவிட்டது. கொக்கு, எட்டுமூலை, படலம் என்னும் பழைய வகைகள் போதாமல், கப்பலும் யானையும் விமானமுமாகப் பட்டங்கள் வானில் ஏறுகின்றன. விண் கட்டிய பட்டத்தின் கூவலை இரவிற் படுக்கையிற் கிடந்து கேட்டவர் மறவார். எனினும் அன்று ஊர் கொள்ளாத சனம். நாற்பது பேரை ஒன்றாக வைத்திருத்தல் இயலாது. சித்திரைப் பூரணையில் முத்துமாரியம்மன் கோயில் தீர்த்தத்தையொட்டி நிகழும் இந்திர விழாவும் அவ்வாறே. வீதியெங்கும் மின்விளக்குப் பந்தல்கள், விடியும்வரை இன்னிசை. குடும்பத்தோடு வருவோர் இவ்விரண்டில் ஒன்றுக்கு வரட்டும். ஆடி அமாவாசைக்குப் பின் நல்லூர்த் திருவிழா தொடங்கி 25 நாள் நடக்கும். அப்போது யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது அரிது. பல வீடுகளில் மச்சமும் சமையாது.

நிறுவனத்தார் தாமாகவே ஒரு திகதியைக் குறித்து அனுப்பியிருந்தனர். ஓகஸ்ட் முதல் வாரம். இரண்டாந் திகதி இரவு கடற்கரையில் விருந்து, ஒலிபெருக்கி, வாத்தியக் கோஷ்டி. அரையாண்டுக் கணக்கு முடிந்த கையோடு புறப்பட வசதி என்பதன்றி அதில் வேறு நோக்கம் இல்லை. ஆனால், 1989 ஓகஸ்ட் 2 ஆம் திகதி முதல் இந்திய அமைதி காக்கும் படையினர் இவ்வூரில் நடத்திய வெறியாட்டத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். வீடுகளும் கடைகளும் வள்ளங்களும் எரிந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1987 மே மாத இறுதியில் தொடங்கிய வடமராட்சி இராணுவ நடவடிக்கையிலும் இவ்வூர் சிதைந்திருந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் விளக்கேற்றும் வீடுகள் இங்கே இருக்கின்றன. அவ்வீடுகளின் கடற்புறத்தில் அன்றிரவு வாத்தியம் முழங்கினால், விருந்தினரை எவரும் ஏசப்போவதில்லை. யன்னலைச் சாத்திக்கொள்வர், அவ்வளவே. அந்தச் சாத்திய யன்னலை எண்ணியபோது எம் எழுதுகோல் மேலே செல்லவில்லை.

எம் நண்பருள் ஒருவர், “இதைச் சொல்லி ஏன் வாறவையின்ர மனத்தைக் கெடுப்பான்? திகதியை மட்டும் மாத்துவம்” என்றார். மற்றவர் உடன்படவில்லை. நெடுநேரம் வாதம் நடந்தது. இறுதியில், திகதியை மாற்றுவதோடு காரணத்தையும் மாணவருக்கு எழுதுவதென்று முடிவாயிற்று. மறைத்துவிட்டால், மாறிய திகதி கிழவர்களின் பிடிவாதமாகவே அவர்களுக்குத் தோன்றும். காரணம் அறிந்தால், தெருவில் எதிர்ப்படும் ஒரு தாயின் முகத்தைச் சற்று வேறு கண்ணோடு பார்ப்பர். சிதைந்த சுவர்களைச் சுற்றிக் காட்டும்படியும், முன்நின்று படம் எடுக்கும்படியும் நாம் சொல்லவில்லை. வேண்டாம் என்றே எழுதினோம். மாணவரிடமிருந்து மறுநாளே பதில் வந்தது. பயணம் ஜூன் நடுப்பகுதிக்கு மாறிற்று. சோளகக் காலம், காற்று தெற்கிலிருந்து வீசுவதால் வடகரை ஓரளவு அடங்கியிருக்கும்.

தங்குமிடத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். நாற்பது பேருக்கு ஒரே கூரையின் கீழ் வல்வையில் இடம் தேடுவது எளிதன்று. ஓரிரவு யாழ்ப்பாண நகரிலும், ஓரிரவு சிறு குழுக்களாக வடமராட்சியிலும் தங்கலாம். அந்த இரண்டாம் இரவை விட்டுவிடக் கூடாது. பஸ்ஸில் வந்து, படம் எடுத்து, தண்ணீர்ப் போத்தலை எறிந்துவிட்டு நகரத்து ஹோட்டலுக்குத் திரும்பும் கூட்டத்தால் ஊருக்குக் கிடைப்பது அந்தப் போத்தல் மாத்திரமே.

முதல் நாள் மாலை தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி. கடற்றொழிலாளராகிய மருதர் கதிர்காமரின் பக்தியோடு வரலாறு தொடங்கும் தலம் இது. இங்கே பூசை செய்வோர் கப்பூகர். வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசிப்பர். சமய வேறுபாடு பாராது அன்னதானம் நடக்கும். நாற்பதின்மரும் மடத்தில் நிலத்திலிருந்து ஒருவேளை உண்ணட்டும். மேலாளரும் சாரதியும் ஒரே பந்தியில் இருக்கும் காட்சி வேறெங்கும் அவர்களுக்குக் கிட்டாது. இரண்டாம் நாள் வல்வைச் சிவன் கோயில் என்னும் வைத்தீசுவரன் கோயிலும் ரேவடிக் கரையும். மூன்றாம் நாள் பருத்தித்துறை வெளிச்சவீடு, வல்லிபுர ஆழ்வார் கோயில், மணற்காட்டு மணற்குன்றுகள். கால் புதைய நடக்க வேண்டுமென்று ஏங்குவோர் ஏக்கத்தை அங்கே தீர்த்துக்கொள்ளலாம். திரும்பும் வழியில் பருத்தித்துறைத் தட்டை வடை வாங்காமற் போவோரை என்னென்பது?

வள்ளப் பயணம் வேண்டும் என்று இளையோர் கேட்பர். கடற்றொழிலாளர் ஒருவர் தம் வள்ளத்தை ஒரு காலைப்பொழுது இவர்களுக்காக ஒதுக்கினால் அன்றைய பாட்டை இழக்கிறார். எனவே பேரம் பேசாது, நல்ல பிடி கிடைத்த ஒரு நாளின் வருமானத்தைக் கொடுக்க வேண்டும். இந்திய இழுவைப் படகுகளால் வலை அறுந்து நொந்திருக்கும் தொழில் இது. உயிர்காப்பு அங்கியின்றி எவரையும் ஏற்றலாகாது. மதுவருந்தியவரைக் கரையிலேயே இருத்திவிட வேண்டும். இவ்விடயத்தில் பதவி பார்த்தல் கூடாது.

கடற்கரை விருந்து முற்றாகக் கைவிடப்படவில்லை. வாத்தியக் கோஷ்டி போயிற்று. ஒடியற் கூழ் வந்தது. இரண்டாம் நாள் பொழுது சாயும் வேளையில் ரேவடியில் ஒரு பெரிய பானை ஏறும். ஒடியல் மா, மீன், நண்டு, இறால், கணவாய், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை என்று அதனுள் இறங்காத பொருளில்லை. ஊர்ப் பெண்கள் சிலர் சமைத்துத்தரச் சம்மதித்துள்ளனர். கூலி முன்பணமாகவே கொடுக்கப்படும். மச்சம் உண்ணாத எம் போன்றோர்க்குத் தனிப் பானை. கூழை அலுமினியக் கோப்பையிற் குடித்தல் பாவம் என்பது எம் மூத்த நண்பரின் தீர்ப்பு. பனையோலைப் பிளாவிலேயே குடிக்க வேண்டுமாம். பிளாக் கோல இக்காலத்தில் எல்லார்க்கும் கை வராது. தீருவிலில் இருக்கும் ஒரு பெரியவர் கோலித்தர இசைந்திருக்கிறார். நாற்பதுக்கு நாற்பது போதாது, கிழியும், ஐம்பதாகச் சொல்லிவையுங்கோ என்கிறார் அவர். சார்வோலையை முதல்நாட் காலையிலேயே வெட்டி அவர் வீட்டிற் சேர்க்க வேண்டும், அப்பொறுப்பு எம்முடையது.